உங்களுக்குத் தெரியுமா? பாரில் பிள்ளை, பக்கத்தில் அருவி

தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர் சொச்சம். சீசன் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தூரத்தைக் காரில் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, "வண்டியை நிறுத்த இடம் தேடுற நேரத்தையும் சேர்த்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வீட்டில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை, வாசலில் ஒரு சைக்கிள், இந்த இரண்டும் உள்ளவர்களுக்கானவை இந்த இதழின் துணுக்குகள்.

★ தென்காசி – குற்றாலம் சாலை மேடா பள்ளமா என்று சிற்றாற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குற்றாலத்தில் அருவியாக விழும் அந்த ஆறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. ஆகவே அருவிக்குப் போகும்போது மேடு, வீடு திரும்பும்போது பள்ளம். மேடு என்றாலும் மூச்சு வாங்க வைக்கிற மேடு அல்ல. மலையின் அடிவாரம் வரைதானே போகிறோம். உண்மையான எதிராளி காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயில் புகுந்து கிழக்கே பாயும். போகும்போது அது முகத்தில் அறையும், வரும்போது முதுகைத் தள்ளும். பிள்ளை முன்னால் உட்கார்ந்திருந்தால் முதல் அறை அதற்குத்தான். காதை மூடும் ஒரு குல்லாய் போதும், பயணம் அழுகையில்லாமல் போகும்.

★ ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிலும் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். தள்ளுவண்டி, உயர நாற்காலி, முதுகில் கட்டிச் சுமக்கும் தூளி எல்லாம் இதில் அடக்கம். ஒன்று முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி அசைய வேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. நிதானமாக மிதித்தாலும் தென்காசியிலிருந்து குற்றாலத்தின் பேரருவிக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏட்டுக்கணக்குப்படியே இது பிள்ளைகளுக்கான தூரம்.

★ அந்த வழியில்தான் மேலகரம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலத்து அருவித் திவலையில் சூரியனுடைய குதிரையின் காலும் தேரின் சக்கரமும் வழுக்கும் என்று அவர் எழுதினார். சைக்கிள்காரர்கள் இதைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். சாரல் விழும் நாளில் ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை பிடிக்காது. பிரேக்கை லேசாக அழுத்தி, ரிம்மில் ஒட்டியிருக்கும் தண்ணீரை முதலில் வழித்துவிட்டு, பிறகு முழுதாகப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் கவிராயர் சொன்னது நடந்துவிடும்.

★ பிள்ளையை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஆம்ஸ்டர்டாம் படம் காட்டுகிறார்கள். நான் புதுக்கோட்டையைக் காட்டுவேன். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தும் பெண்கள் பஸ்ஸுக்கும், அண்ணன் தம்பியின் தயவுக்கும் காத்துக் கிடந்தால் வேலை நடக்குமா? 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரைச் சுற்றி வந்தார்கள். மாவட்டத்தில் நடந்த சைக்கிள் போட்டிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாக அங்கே நேரில் போய் எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத்.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. பெண்கள் அசரவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதுதான் வேண்டும் என்றே கேட்டார்கள், அதில் பார் இருக்கிறதே, பிள்ளையை உட்கார வைக்கலாமே! சேலை கட்டியவர்களுக்கு என்று பாரை எடுத்துவிட்டு லேடீஸ் சைக்கிள் செய்த கம்பெனிகள், அவர்கள் இடுப்பில் ஒரு பிள்ளையும் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. சாய்நாத்தின் அந்தக் கட்டுரை மத்திய அரசின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வடக்கத்திப் பிள்ளைகள் புதுக்கோட்டையைப் பரீட்சைக்குப் படித்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

★ தமிழ்நாட்டின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06-ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. முதல் ஆண்டுகளில் சைக்கிள் வாங்கிய பெண்கள் இன்று முப்பதுகளின் நடுவிலும் அதைத் தாண்டியும் இருப்பார்கள். பலருடைய இடுப்பில் பிள்ளை இருக்கும். ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறைத் தாய்மார் தயாராக இருக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்கும் அந்தச் சைக்கிளுக்கு இரண்டு டியூபும் கொஞ்சம் எண்ணெயும்தான் தேவை.

★ எதில் எவ்வளவு எடை? ஐரோப்பாவில் சைக்கிள் குழந்தை இருக்கைகளுக்கு இ.என். 14344 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். முன்னால் மாட்டும் இருக்கை 9 முதல் 15 கிலோ வரை, பின்னால் மாட்டுவது 22 கிலோ வரை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பிள்ளை தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, தலையையும் திடமாக நிறுத்த வேண்டும். ஒரு வயதுக்கு முன்னால் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. தாவணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. விழுந்தால் பிள்ளை மேல்தான் விழுவோம்.

★ பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைப்பது நம் அப்பாக்களின் முறை. பாசம் இருந்தது, கால் வைக்க இடம் இல்லை. பிள்ளைகளுக்குச் சைக்கிளில் ஏற்படும் காயங்களில் நம் அனைவருக்கும் தெரிந்தது ஒன்று உண்டு: சக்கரத்தின் கம்பிக்குள் குதிகால் போய் மாட்டுவது. சில நொடிதான், தோலும் சதையும் உரிந்து, ஆற வாரக்கணக்காகும். கேரியரில் கால் தொங்கப்போட்டு உட்காரும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் நடக்கும். காலை வைத்துக் கட்ட வாருள்ள மிதி, குதிகாலை மூடும் ஷூ, பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு வலை, இந்த மூன்றும் இருந்தால் பயமில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மூட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அந்த நல்ல யோசனையைச் சைக்கிளுக்கும் இரவல் வாங்கலாம். தையல்காரரிடம் கொசுவலைத் துணி கொடுத்தால்கூடத் தைத்துத் தருவார்.

★ பழைய கறுப்புச் சைக்கிளைத் தூக்கிப் போட மனம் வராதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அதன் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு, புதுச் சைக்கிள்களின் சைடு ஸ்டாண்டைவிடப் பிள்ளைகளுக்கு நல்லது. சைடு ஸ்டாண்டில் பிள்ளை ஒரு பக்கம் எட்டிப் பார்த்தாலே போதும், வண்டி சாய்ந்துவிடும். எந்த ஸ்டாண்டாக இருந்தாலும், கையை எடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பக் கூடாது.

★ சட்டத்தில் ஒரு வேடிக்கை. மோட்டார் சைக்கிளில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளையை ஏற்றினால் அதற்கு ஹெல்மெட் வேண்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி இது. தரச்சான்றுள்ள சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் சரி என்கிறது அந்த விதி. அதே பிள்ளை சைக்கிளில் ஏறினால் இதில் எதுவும் பொருந்தாது, சைக்கிள் மோட்டார் வாகனம் அல்லவே. சட்டம் கேட்காவிட்டாலும் தலை ஒன்றுதான். வாங்கும்போது பிள்ளையைக் கடைக்கே கூட்டிப்போய்ப் போட்டுப் பாருங்கள். அண்ணனுக்கும் சேர்த்து உதவட்டும் என்று பெரிதாக வாங்கினால் கண்ணை மறைக்கும்.

★ கார் வைத்திருப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. தென்காசிப் பக்கம் சைக்கிளை வீட்டுக்குள் முடக்கியது காரும் அல்ல. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட், அதுதான் தொடக்கம். அதற்குப் பின் ஸ்கூட்டர், பைக். இப்போது தெருமுனைக் கடையில் கொத்தமல்லித் தழை வாங்கவும் சாவியைத் தேடுகிறோம். இஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் பயணத்தில்தான் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லும் விஷயம்.

★ இரண்டு வயதுக்காரர்களுக்குச் சக்கரம் நம் ஊரில் எப்போதிருந்து? பட்டினப்பாலையைக் கேளுங்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத, மூன்று கால் கொண்ட சிறுதேரை உருட்டி விளையாடுவது அதில் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம். வாசல்களில் நாம் கண்ட மர நடைவண்டி அதன் வாரிசு.

★ 1817-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது. உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு கழித்து அதே வண்டி பெடல் இல்லாத குட்டிச் சைக்கிளாகக் கடைக்கு வந்திருக்கிறது. இரண்டு வயதில் இதை உந்திப் பழகும் பிள்ளைக்குச் சமநிலை முதலில் வந்துவிடும். பெடல் பிறகு தானாக வரும். பக்கத்தில் இரண்டு துணைச்சக்கரம் மாட்டிய சைக்கிள் இதற்கு நேர்மாறு. மிதிக்கக் கற்றுக்கொடுக்கும், சாயாமல் நிற்கக் கற்றுக்கொடுக்காது.

★ எட்டு வயதில் என்ன செய்தோம்? அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டோம். இரண்டு வயதில் எந்தப் பாரின் மேல் உட்கார்ந்தோமோ, அதற்குக் கீழே! ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கிய படத்துக்கு 'குரங்கு பெடல்' என்றே பெயர், 2024-ல் வந்தது. பிள்ளைகளோடு பார்க்கலாம்.

★ ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பணம் கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும், ராத்திரி விளக்கில்லாமல் போனாலும் பிடிக்கும். இன்று யாரும் பிடிப்பதில்லை என்பதற்காக விளக்கை மறக்க வேண்டாம். பின்னால் மின்னும் சிவப்பு விளக்கு பிள்ளை உட்காரும் சைக்கிளுக்குக் கட்டாயம் என்பது என் கட்சி.

★ எல்லோருக்கும் சைக்கிள் ஒத்துவராது. அவர்களுக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. முன்பு மூன்று வயதாக இருந்ததை 2022-ல் உயர்த்தினார்கள். ஆக, தென்காசியிலிருந்து அம்மாவும் பிள்ளையும் குற்றாலம் போய்வரச் செலவு பூஜ்யம். அப்பா சைக்கிளில் பின்னால் வரட்டும்.

★ யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் சைக்கிளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் கதை முடியாது. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, பிள்ளை, நோயாளி, விறகு, அரிசி மூட்டை எல்லாம் அங்கே சைக்கிளில்தான் போயின. 2022-ல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசை நின்றபோது கொழும்பில் கார் வைத்திருந்தவர்களும் சைக்கிள் கடைக்கு ஓடினார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு முப்பது வருட முன் அனுபவம் இருந்தது.

★ நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிள் தேசமாகப் பிறக்கவில்லை. 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய இயக்கம் அது. இன்று நாம் படத்தில் பார்த்து வியக்கும் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

★ முன்னால் பெட்டி வைத்து அதில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் டச்சுச் சைக்கிளைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா 1973-ல் ஒழிந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் சைக்கிள் ரிக்‌ஷாதான் நம் ஊர்களின் பள்ளி வேன். எல்கேஜி பிள்ளைகள் அடைந்து உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டில் வெளியே தொங்க, ரிக்‌ஷாக்காரருக்கு எல்லாப் பிள்ளைகளின் வீட்டுச் சண்டையும் தெரிந்திருக்கும்.

★ எந்தச் சாலை வேண்டாம்? திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. கேரளாவுக்குப் போகும் கனரக லாரிகள் ஓயாத சாலை அது. பிள்ளையோடு அந்தப் பக்கம் சைக்கிளில் போகாதீர்கள். செங்கோட்டைக்குப் போக ரயில் இருக்கிறது; ஐந்து வயதுக்குக் கீழ் அதிலும் டிக்கெட் இல்லை. நெடுஞ்சாலையை விட்டு விலகிய வயல்வழிச் சாலைகள் வேறு உலகம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்து நிற்கும். 'ரோஜா' படம் எடுத்த ஊர் அது.

★ தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் திறந்த ஸோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர், இந்தக் கிராமச் சாலைகளில் சைக்கிள் மிதிக்கும் படங்கள் செய்தித்தாள்களில் பலமுறை வந்திருக்கின்றன. சைக்கிள் என்றால் வசதியில்லாதவர் வண்டி என்று இன்னமும் முகம் சுளிக்கும் மாமனார் வீட்டில் இருந்தால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

★ மேட்டில் மிதிக்க முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மின்சைக்கிள். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகாமல், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். தாத்தாவும் பேத்தியை ஏற்றிக்கொள்ளலாம்.

★ ஹேண்டில்பார் கூடையில் வாழைப்பழம், பிஸ்கட், சீசனுக்கு வாங்கிய ரம்புட்டான் எதையும் திறந்தபடி வைக்காதீர்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்குச் சைக்கிள் கூடை சாப்பாட்டுத் தட்டு. பிள்ளை கையில் பிடித்திருப்பதையும் பிடுங்கும்.

★ பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது என்றால் குளிக்கத் தடை என்று பொருள். தடை இல்லாத நாளிலும் மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. சின்னப் பிள்ளைகளை அருவிக்கு நேரே கொண்டுபோகாமல், ஒதுங்கிய இடத்தில் சாரலில் நனையவிட்டால் போதும். ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்துப் படகுக் குழாம் இருக்கிறது; அங்கே பெடல் போட்டில் அப்பா மறுபடியும் மிதிக்கலாம். தடை போட்டதால் திரும்பி வரவேண்டியிருந்தாலும், சைக்கிளில் வந்தவருக்கு நட்டம் ஒரு காலைப்பொழுதுதான். முந்நூறு கிலோமீட்டர் காரோட்டி வந்தவர்தான் போலீஸ்காரரிடம் வாதாடிக்கொண்டு நிற்பார்.

★ கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஞாயிறுதோறும் காலை 7 முதல் பகல் 2 மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். 1974-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. சென்னையிலும் கோவையிலும் சில ஞாயிறுகளில் சில தெருக்களில் நாமும் செய்து பார்த்திருக்கிறோம்.

குற்றாலம் சாரல் விழாவில் கொழுகொழு குழந்தைகள் போட்டி நடத்தும் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். மேடையேறும் அதே பிள்ளைகளுக்காக, விழா ஞாயிறு ஒன்றில் காலை 6 மணி முதல் 8 மணி வரை தென்காசி – குற்றாலம் சாலையைச் சைக்கிள்களுக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். அருவிக்கரையில் சைக்கிளுக்கு என்று கூரை போட்ட ஒரு ஸ்டாண்டும் வேண்டும். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும்.